ஒற்றைப்படை டோக்கன்களை முழுங்கிய சம்பத்

காட்டுப்பாக்கத்தில் பூந்தமல்லி ரோட்டை ஒட்டி, ஒரு மருந்துக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று இருக்கிறது. ‘நிறுவனர் சம்பத், பதினைந்து ஆண்டு அனுபவம்’ என்று போர்டு. இப்போது நடப்பது 1998. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பத்து வருஷம்தான் தேறும். எண்கள் விஷயத்தில் சம்பத்துக்குக் கை எப்போதும் தாராளம். போன வாரம் கீழே பஸ்ஸுக்கு நின்றபோது ஜன்னல் வழியே அவன் குரல் கேட்டது. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் தேதி தெரியாமல் முழிக்கப் போகின்றனவாம். “நம்பரை எப்படி வெக்கணும்னு தெரியாத முட்டாப் பசங்க செஞ்ச வேலை” என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

அவன் என்றுதான் எழுதுவேன். அவர் போட மனசு வரவில்லை.

என் பெயர் தசரதன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் கிளார்க்காக இருந்தேன். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி, தண்ணீர் பம்புக்கான உடல் பாகத்தைச் செய்யும் இடம். சம்பத் அங்கே டைம் ஆபீசில் கார்டு அடுக்குகிறவனாக இருந்தான். பாரிவாக்கத்துக்காரன். அப்பாவுக்கு நிலம் இருந்தது. பாதியை மனை போட்டு விற்றார்கள். பி.காம். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டவன். 1988இல் எம்.டி. ஊரெல்லாம் வாங்குகிறார்களே என்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்குச் சில மாதம் முன்பு சம்பத் அண்ணா நகரில் மூன்று மாத கோர்ஸ் ஒன்று முடித்திருந்தான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஒரே நாளில் கம்ப்யூட்டர் ஆபீசர் ஆகிவிட்டான்.

அவனுக்கென்று ஒரு ஏசி ரூம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயில் கர்ப்பக்கிரகத்துக்குப் பூசாரி கூட அவ்வளவு கெடுபிடி செய்ய மாட்டார். சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிவான். உள்ளே தட்டச்சு செய்ய பேபி என்று ஒரு பெண். ஆவடியிலிருந்து ரயிலில் வருவாள். வேலை முழுக்க அவளுடையது, பேச்சு முழுக்க இவனுடையது.

எங்கள் ஃபவுண்டரியில் அறுபது மோல்டர்கள். மண்ணில் அச்சுக் கட்டுகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் எண், ஒன்றிலிருந்து அறுபது வரை. பீஸ் ஆறியதும் அதைச் செய்தவன் பஞ்ச் வைத்து, சுத்தியலால் எண்ணை அடிப்பான். பதினாறு இலக்கம், பதினாறு அடி. முன்பு டோக்கன் எண் முதலில் வரும், தேதியெல்லாம் பின்னால். சம்பத் வந்ததும் அதைத் திருப்பிப் போட்டான். வருஷம், மாசம், தேதி முதலில்; பிறகு ஷிப்ட், உலை, ஊற்று, பெட்டி; கடைசி இரண்டு இலக்கம் டோக்கன். அப்போதுதான் வரிசையாக நிற்குமாம். “முப்பது வருசமா ஆளு முன்னாடி, தேதி பின்னாடி. இப்ப ஆளு கடைசில போய்ட்டான்” என்று மோல்டர்கள் முணுமுணுத்தார்கள். யார் காதில் விழுந்தது?

அந்த எண்ணைச் சம்பத் கம்ப்யூட்டரில் எண்ணாகவே வைத்தான். அதாவது கூட்டிக் கழிக்கிற தொகை மாதிரி. பதினாறு இலக்க எண்ணை யார் எதோடு கூட்டப் போகிறார்கள்? அது ஓர் ஆளின் பெயர், பீஸின் ஜாதகம். பெயரை எழுத்தெழுத்தாக வைப்பது போல வைத்திருந்தால் போதும். அப்படி வைக்கலாமே என்று பேபி முதல் வாரமே சம்பத்திடம் கேட்டாளாம். “எண்ணை எழுத்தா வெக்கறதா? நீ கணக்குப் பாடமே படிக்கலியா?” என்று சிரித்தானாம். கணக்கில் கோட்டை விட்டவன் கேட்ட கேள்வி இது.

அவனுடைய பெருமையெல்லாம் தேடலில்தான். பம்ப் கம்பெனிகள் விரிசல் விட்ட பீஸ்களைச் சில நாளிலேயே திருப்பி அனுப்பும். அந்த எண்களை நான் சீட்டில் எழுதிக் கொடுப்பேன், பேபி ஏற்றுவாள். பிறகு சம்பத் வந்து உட்கார்ந்து, பதினாலு இடத்துக்குக் கேள்விக்குறி போட்டு, கடைசியில் ஒரு டோக்கன் எண்ணைத் தட்டுவான். அந்த டோக்கனில் முடிகிற எண்களெல்லாம் வரிசை கட்டி வந்து நிற்கும். வெளியாட்கள் வந்தால் இதைத்தான் வித்தை மாதிரி காட்டுவான். சீட்டுகளை ஏற்றியதும் கிழித்துப் போடச் சொன்னான். கம்ப்யூட்டர் வந்த பிறகு காகிதம் எதற்காம். திரும்பி வந்த பீஸ்களும் யார்டில் கொஞ்ச நாள் கிடந்துவிட்டு மறுபடி உலைக்குப் போய்விடும். ஆக, யார் செய்த பீஸ் என்பதற்கு அவன் மிஷின் ஒன்றுதான் சாட்சி. மாதா மாதம் லிஸ்ட் எடுத்து அவனும் நானும் கையெழுத்துப் போடுவோம். தொடர்ந்து மூன்று மாதம் லிஸ்டில் முதலிடம் வருகிறவனுக்கு வேலை போய்விடும். அது எம்.டி. போட்ட சட்டம்.

இரண்டு வருஷம் ஒழுங்காகத்தான் ஓடியது. 1990 ஆகஸ்டு லிஸ்டில்தான் அதிசயம் நடந்தது. அறுபது பேரில் முப்பது பேர் பெயரில் ஒரு பீஸ்கூட பழுது இல்லை. முப்பது பேரும் ஒற்றைப்படை டோக்கன்காரர்கள்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்திருப்பீர்கள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று வரிசையாக ஒற்றைப்படைக்காரன் மட்டும் எப்படி ஒரே மாதத்தில் உத்தமன் ஆவான்? சம்பத் நேரே எம்.டி. அறைக்குப் போனான். “கம்ப்யூட்டர் பார்க்குதுங்கற பயத்துலயே பாதிப் பேர் திருந்திட்டாங்க சார்” என்றான். எம்.டி.யும் நம்பினார். எனக்கும் உறைக்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேன்டீனுக்குப் போனேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு மைக் கட்டி விழா எடுத்தார்கள். முப்பது பேருக்கும் எவர்சில்வர் டிபன் கேரியர். முப்பத்தேழாம் டோக்கன் தேவராஜும் மேடை ஏறினான். மண்ணைச் சரியாக இடிக்காமல் அச்சுக் கட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. கேரியரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து கண்ணடித்தான். “நான் கட்ற அச்சு இன்னா லெச்சணம்னு எனுக்குத் தெரியாதா மாமே? இந்த மிஷின் இருக்குதே, தங்கமான மிஷின்!” என்றான். திருட்டுப் பயலாக இருந்தாலும் அந்தக் கூட்டத்தில் உண்மை பேசியவன் அவன் ஒருவன்தான். சம்பத் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, கீபோர்டு முழுக்கச் சந்தனம் அப்பி வைத்தான்.

இந்தக் கூத்தில் மாட்டிக்கொண்டவர் துலுக்கானம். முப்பத்தாறாம் டோக்கன். வெள்ளானூர்க்காரர். அவர் அப்பா காலம் வரை ஊரான் நிலத்தில் கூலி வேலை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் இவர்தான். எட்டு வருஷத்தில் மாதம் நாலு, ஐந்து பீஸுக்கு மேல் அவருடையது திரும்பி வந்ததில்லை. ஆகஸ்டில் பதினாலு. செப்டம்பரில் பதினைந்து. இரண்டு மாதமும் முதலிடம். மகள் வசந்தாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைக் கேட்டு வந்ததே அப்பாவுக்குக் கம்பெனி உத்தியோகம் என்பதற்காகத்தான். இன்னும் ஒரு லிஸ்ட் அப்படி வந்தால் வேலையும் போகும், கல்யாணமும் போகும்.

அக்டோபரில் ஒரு மத்தியானம் என் மேஜைக்கு வந்து நின்றார். 

“சார், எங்கையி எனுக்குத் தெரியாதா? அம்மாம் பீஸு நான் ஒட்ச்சிருந்தா எனுக்குத் தூக்கம் வருமா? ஒரு தபா யார்டுக்கு வா சார். கண்ணால பாத்துடு.”

போனேன். நியாயத்துக்காகப் போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பத்தான் போனேன். லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு, உலைக்குப் போகாமல் மிச்சம் கிடந்த பீஸ்களைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தோம். லிஸ்டில் அவர் பெயரில் இருந்த பதினைந்தில் ஒன்பது கிடைத்தன. முதல் பீஸுக்கு லிஸ்டில் 9009142103517036 என்று இருந்தது. இரும்பில் 9009142103517037. அடுத்ததும் அப்படியே. முதல் பதினைந்து இலக்கம் அச்சு அசலாக ஒன்றுதான், கடைசி ஒன்று மட்டும் வேறு. ஒன்பதில் ஐந்து முப்பத்தேழு, இரண்டு முப்பத்தைந்து. இரண்டே இரண்டுதான் முப்பத்தாறு. சீட்டில் முப்பத்தேழு என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, லிஸ்டில் முப்பத்தாறு என்று வந்ததற்கு என் கையாலேயே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். என்னை என்ன சொல்லித் திட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

துலுக்கானம் இரண்டு பீஸைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏசி ரூமுக்கு நடந்தார். கதவைத் திறந்த சம்பத் அவர் காலைப் பார்த்தான்.

“இன்னா துலுக்கானம், துருவெல்லாம் உள்ள கொட்டுது. வெளிய வை.”

“வெளில வெச்சா கண்ணுக்குத் தெர்யாது சார்” என்று சொல்லி மேஜைமேலேயே வைத்தார்.

பேபி எழுந்து வந்து எண்ணைப் பார்த்தாள். உட்கார்ந்து, முப்பத்தேழில் முடிகிற அந்தப் பதினாறு இலக்கத்தையும் தட்டினாள். திரை அதை வாங்கிக்கொண்டு முப்பத்தாறு என்று காட்டியது. மறுபடி தட்டினாள். மறுபடி முப்பத்தாறு. 

“விரல் தப்பா படுது” என்றான் சம்பத். மூன்றாம் தடவை ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுச் சொல்லித் தட்டினாள். முப்பத்தாறுதான்.

“கீபோர்டுல சந்தனம் பூந்திருக்கு” என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தச் சந்தனத்தைப் பூசியவனே அவன்தான்.

பேபி அடுத்து ஒரு காரியம் செய்தாள். அதே எண்ணில் தேதியை மட்டும் ஜூலை பத்தொன்பது என்று மாற்றினாள். முப்பத்தேழு முப்பத்தேழாகவே நின்றது. ஜூலை இருபது என்று போட்டாள். முப்பத்தாறாகிவிட்டது. 

“சார், இந்த மிஷினு எண்ணை எண்ணா வெச்சுக்கினா ஓர் அளவு வரைக்கும்தான் ஒண்ணொண்ணா எண்ணும். அதுக்கு மேல ரெண்டு ரெண்டா தாவுது. வருசத்த முன்னாடி வெச்சீங்க. எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது வரைக்கும் அளவுக்குள்ள இருந்திச்சி. தொண்ணூறு ஜூலை இருவதுல தாண்டிருச்சி. அதுக்கப்புறம் ஒத்தப்படையே அதுக்குத் தெரியாது. முப்பத்தஞ்சையும் முப்பத்தேழையும் முப்பத்தாறு தலையில கட்டுது. நாலால வகுபடற டோக்கன் எல்லாத்துக்கும் இதே கதிதான். பேரு மாதிரி எழுத்தா வெச்சிருந்தா ஒரு தொந்தரவும் இல்ல. இப்பவும் ஒரு நாள் வேலைதான்.”

ஏறக்குறைய தொண்ணூறு கோடி கோடி வரை அந்த மிஷினுக்குக் கணக்குப் பிசகாது என்று பின்னால் அவளே புத்தகம் பார்த்துச் சொன்னாள். அதைத் தாண்டிய நாளைச் சம்பத்தின் புதுமுறைதான் தேடிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறது. பழையபடி டோக்கன் முன்னால் இருந்திருந்தால் எங்கள் அறுபது பேருக்கும் அந்த எல்லை எட்டியே இருக்காது.

சம்பத்துக்கு வேர்த்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் பேபி சொன்ன ஒரு நாள் வேலையை யோசிக்கவில்லை. எம்.டி. மைக்கில் பேசியதையும் முப்பது டிபன் கேரியரையும் யோசித்தான். அதுவரை ஒரு மோல்டரைக்கூட உட்காரச் சொல்லாதவன் துலுக்கானத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். டீ சொல்லி அனுப்பினான்.

“அண்ணாத்தே, உனக்கு வேலை நிக்கணும், அவ்ளோதான? முப்பத்தொன்பதாம் டோக்கன் ஆளு ரிடையர் ஆயிட்டாரு. இன்னையிலேர்ந்து அது உன்துது. உன் பேர்ல ஒரு பீஸ் வராது. நான் கேரண்டி.”

“அப்ப முப்பத்தாறு?” என்று கேட்டாள் பேபி.

“அது சும்மா கெடக்கட்டும். யாருக்கும் தர மாட்டேன்.”

துலுக்கானம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் டீயைக் குடித்தார். அன்று சாயங்காலமே அந்த இரண்டு பீஸும் உலைக்குப் போய்விட்டன. அனுப்பச் சொல்லி ஸ்லிப் எழுதியது நான்தான். அக்டோபர் லிஸ்டில் முப்பத்தாறுக்கு எதிரே ‘ஆள் இல்லை’ என்று போட்டான் சம்பத். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அவனுக்கு இருந்த சாமர்த்தியம் புரோகிராம் எழுதுவதில் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் முதல் வாரம் டைம் ஆபீசில் புது மோல்டர் ஒருவனைச் சேர்த்தார்கள். வேம்புலி. நாற்பது வயதிருக்கும், நாலு பிள்ளைகள். முன்பு வேலை பார்த்த ஃபவுண்டரியை மூடிவிட்டார்கள். காலியாக இருந்த டோக்கனை எடுத்து நீட்டினார்கள். முப்பத்தாறு. சம்பத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “டைம் ஆபீஸ்காரன் குடுத்தா நான் இன்னா பண்றது?” என்றான். புரோகிராமைத் திருத்தலாமே என்றேன். “இப்பத் திருத்தினா, இத்தனை மாசம் தப்பா இருந்துச்சான்னு கேப்பாரு” என்றான். அதோடு முடிந்தது.

பேபிதான் விடவில்லை. துலுக்கானத்தையும் என்னையும் பிடித்து, எம்.டி.யிடம் மூன்று பேருமாகப் போவோம் என்றாள். 

“நைனா, வேம்புலியும் நம்மள மாதிரி ஆளுதான? நீ வந்து சொன்னா எடுபடும்.”

“தையில பொண்ணு கல்யாணம்மா. அது முடியட்டும். நானே வரேன்” என்றார் அவர். நானும் அதையே சொன்னேன். எனக்குக் கல்யாணமும் இல்லை, காரணமும் இல்லை. பேபி தனியாகவே போனாள். எம்.டி. சம்பத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். பொண்ணுக்கு அனுபவம் பத்தாது என்றான். அடுத்த நாள் அவளை டெலிபோன் போர்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.

வேம்புலி நல்ல வேலைக்காரன். துலுக்கானத்தைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லலாம். நவம்பரில் அவன் பேரில் பதினொன்று. பயந்துபோய் டிசம்பரில் ஷிப்ட் முடிந்தும் இருந்து ஒவ்வோர் அச்சாகத் தடவிப் பார்த்துவிட்டுப் போனான். டிசம்பரில் பதிமூன்று. தேவராஜ் வழக்கம்போல மண்ணை இடிக்காமல் அச்சுக் கட்டிக்கொண்டிருந்தான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். தை மாதம் வசந்தா கல்யாணம் நடந்தது. சம்பத் வந்து மொய் எழுதினான். நானும் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். ஜனவரி லிஸ்டில் வேம்புலிக்குப் பதினாலு, மூன்றாவது மாதமாக முதலிடம். கையெழுத்துப் போட்டேன். 

பிப்ரவரி முதல் வாரம் வேம்புலியை அனுப்பிவிட்டார்கள். ஷிப்ட் விடுகிற நேரம். அவன் கேட் ஓரத்தில் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தான். துலுக்கானம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நானும் கூட வந்தேன். கல்யாணம் முடிந்துவிட்டது, இனி எம்.டி.யிடம் வருவார் என்று பேபி டெலிபோன் ரூம் ஜன்னலிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேம்புலி துலுக்கானத்தை நிறுத்தினான்.

“அண்ணாத்தே, இந்த நம்பரு முன்னாடி உன்துதானாம? உனுக்கும் ரெண்டு மாசம் இப்டிதான் வந்திச்சாம. அப்பறம் எப்டி நின்னுச்சி? நான் இன்னா தப்பு பண்ணேன், சொல்லேன்.”

துலுக்கானம் சைக்கிளை ரோட்டுப் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்.

“நான் இன்னும் ஒயுங்கா செஞ்சேன் வேம்புலி. அதான் நின்னுச்சி.”

நான் வாயைத் திறக்கவில்லை. வேம்புலி தலையை ஆட்டினான். அவன் அதை நம்பிவிட்டான்.